இரண்டு முறை கூட்டிய ஐம்பது நிமிடம்

காலை ஏழரைக்கு ஐவிந்த் வண்டியோடு வாசலில் வந்து நிற்பான் என்பது சுன்னிவாவுக்குத் தெரியாததல்ல. குளிர்காலம் முழுக்க அவன்தான் வருகிறான், அவள்தான் ஏறுகிறாள். இருந்தாலும் அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் கதவுப் பிடியில் கை வைத்தபடி ஒரு நொடி நின்றுவிடுவாள். பதினான்கு மாதமாக இதே கதைதான்.

"ஏறு, ஏறு. சூரியனுக்குத்தான் லீவு, நமக்கு இல்ல," என்றான் ஐவிந்த்.

தினமும் இதே ஜோக். அக்டோபர் கடைசியில், வடதுருவத்தை ஒட்டிய இந்தத் தீவில், லாங்யியர்பியன் ஊரின் மலைகளுக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இனி பிப்ரவரியில்தான் தலைகாட்டும். அதுவரை இந்த ஜோக்குக்கும் விடுமுறை கிடையாது. சுன்னிவா வழக்கம்போல் சிரித்துவைத்தாள். சக்கரத்துக்குப் பதில் பட்டை பூட்டிய அந்தப் பழைய வண்டி பனியைக் கடித்துக்கொண்டு மலையேறத் தொடங்கியது. மேலே இருக்கும் வான் கண்காணிப்பு நிலையத்துக்கு இந்த மாதங்களில் வேறு வழி இல்லை. ஓட்டுகிறவனின் இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி தொங்கியது. வெள்ளைக்கரடி உலவுகிற மலையில் யாரையும் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளில் சீல் என்ற கடல்நாயின் தோலில் தைத்த கையுறை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தது. அதற்கு முன்னால் ஒரு கம்பளித் தொப்பி கொடுத்திருந்தாள். நடுவில் ஜாடி ஜாடியாகக் காட்டுப்பழ ஜாம், அவன் பிறந்தநாளுக்கு அவளே சுட்ட கேக். அவள் யாருக்கும் கேக் சுடுகிறவள் இல்லை.

"இந்தக் கையுறை போட்டா குளிரே தெரியல," என்றான். "ஆனா நீ இப்படிக் குடுத்துக்கிட்டே இருந்தா ஊர்ல நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுப் பேசப் போறாங்க, பாத்துக்கோ."

"பேசட்டுமே. இந்த ஊர்ல பேசறதுக்கு வேற என்ன இருக்கு?"

அவன் சத்தமாகச் சிரித்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, விளக்கு வெளிச்சத்தில் பறக்கிற பொடிப்பனியைத் தவிர. குற்றம் செய்தவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். வாங்குகிறவனுக்குத்தான் அது ஏன் என்று தெரியாது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஐவிந்த் ஓட்டுநர் இல்லை. அவனும் மேலே அந்த நிலையத்தில் அவளைப் போல ஓர் ஆராய்ச்சியாளன். எலக்ட்ரான்களை எண்ணுகிற ஒரு கருவியை ஏழு வருடம் இழைத்து இழைத்துச் செய்தான். சோற்றுப் பானை அளவுதான் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு, மலைகளுக்கு அப்பால் வடக்கே இருக்கிற தளத்திலிருந்து ஒரு சின்ன ராக்கெட் கிளம்பியது. எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு சுன்னிவாவுடையது.

அந்தப் பொறுப்பு லேசானதல்ல. பூமியைச் சுற்றிக் காந்தத்தால் ஆன ஒரு வேலி இருக்கிறது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் காற்று அந்த வேலியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று ஓங்கினால் வேலி உள்ளே நகரும், தணிந்தால் வெளியே போகும். காற்று சுமந்துவரும் காந்தம் தெற்குப் பார்த்துத் திரும்பிவிட்டாலோ, வேலி அரிபட்டு மளமளவென்று நெருங்கி வரும். அந்த வேலியின் வடகோடியில் ஒரு திறப்பு உண்டு. இவர்கள் அதைப் புனல் என்பார்கள். சூரியக் காற்று அந்த வழியாகத்தான் நேரே வானத்துக்குள் கொட்டுகிறது. சாதாரண நாட்களில் புனலின் வாய் தீவுக்கு வடக்கே எட்டாத கடல்மேல் கிடக்கும். வேலி நெருங்குகிறபோது அது தெற்கே வந்து இவர்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும், அதுவும் முற்பகலில், கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ராக்கெட் போய்ச் சேர வேண்டும். தப்பினால் வெறும் வானத்தைக் குத்திவிட்டுக் கடலில் விழும்.

அன்று மேகம் மூடிக் கிடந்தது. வானம் தெரியவில்லை, ரேடாரும் பராமரிப்பில் இருந்தது. நேரம் குறிக்க அவள் நம்பி இருந்தது ஒன்றே ஒன்றைத்தான். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, நம் பக்கமாகப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற ஒரு செயற்கைக்கோள், தன்னைக் கடந்துபோகும் காற்றைப் பற்றிச் செய்தி அனுப்பும். அதைக் கடந்த காற்று வேலிக்கு வந்துசேர ஐம்பது நிமிடம் போல ஆகும். திரையில் கோடு தெற்கே சாய்ந்ததும் சுன்னிவா ஐம்பது நிமிடத்தைக் கூட்டினாள். காத்திருந்தாள். சரியான நேரத்தில் "விடு" என்றாள்.

ராக்கெட் அழகாகத்தான் போனது. ஐவிந்தின் கருவி மட்டும் பதினோரு நிமிடமும் பூஜ்ஜியத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. புனலுக்கு நடுவே போன கருவி பூஜ்ஜியம் காட்டினால் கருவி செத்துவிட்டது என்றுதானே பொருள்? அறிக்கையில் அப்படித்தான் எழுதினார்கள். கருவி கடலுக்கடியில் போய்விட்டது. அதன் ஜோடி ஒன்று ஐவிந்திடம் இருந்தது. அதை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி ஒரு வருடம் பழுதைத் தேடினான். கடைசியில் திரும்பப் பூட்டவே முடியாதபடி அறுத்துப் பார்த்தான். அதற்குள் அவன் வேலைக்காலம் முடிந்தது, நீட்டிக்க யாரும் முன்வரவில்லை. தீவை விட்டுப் போக மனமில்லாமல் வண்டி ஓட்ட வந்துவிட்டான்.

போன வருடம் அக்டோபரில், மாணவர்களுக்குப் பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தபோது, சுன்னிவா அந்தத் திரையின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரியைக் கண்டாள். 'நேரம் வேலியின் வாசலுக்கு மாற்றப்பட்டுள்ளது.' அதாவது ஐம்பது நிமிடத்தைக் கம்ப்யூட்டர் நிரலே கூட்டிவிட்டது. ராக்கெட் விட்ட வருடம்தான் யாரோ அந்த நிரலை மாற்றியிருந்தார்கள். திரையில் தெரிந்தது, வாசலுக்கு வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த காற்று. அவளோ அது இன்னும் வழியிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு மறுபடி ஐம்பது நிமிடம் கூட்டினாள். சூரியனையே அளக்கிறவர்களுக்குத் திரையின் அடிவரியைப் படிக்க நேரமில்லை! ராக்கெட் போனபோது புனல் வந்து, நின்று, திரும்ப வடக்கே போய்விட்டிருந்தது. அங்கே எண்ணுவதற்கு எதுவும் இல்லை. அதைத்தான் ஐவிந்தின் கருவி சொன்னது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவளுடைய பேராசிரியர் பதவி குறித்துக் குழு கூடவிருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது போய்ச் சொல்வதா என்று விட்டாள். பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து வாசலை மறித்துக்கொண்டது. தப்பைக்கூடச் சொல்லிவிடலாம், தாமதத்தை எப்படிச் சொல்வது? ராக்கெட் விடும் நேரத்தைக் கணக்கிடத் தான் எழுதி கம்ப்யூட்டரில் வைத்திருந்த வழிமுறைத் தாளைச் சத்தமில்லாமல் திருத்தினாள். சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அதோடு பிப்ரவரியில் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை மட்டும் அவள் தனக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

நிலையத்தில் பூட்ஸைக் கழற்றிக் கம்பளிக் காலுறையோடு உள்ளே நுழைந்தார்கள். யோருன் முன்பே வந்திருந்தாள். நேற்று மாலையே வந்து இங்கேயே படுத்துக்கொண்டவள். முப்பத்துநான்கு வயது, சுன்னிவாவின் பழைய மாணவி. இந்த வருட ராக்கெட் அவளுடையது, 'விடு' என்று சொல்லப்போகிறவளும் அவளே. சுன்னிவா யோசனை சொல்ல மட்டும்.

"கடைசி நாள்," என்றாள் யோருன், வணக்கம்கூடச் சொல்லாமல். "நாளைக்குத் தளத்துல எல்லாரும் கிறிஸ்துமஸுக்குக் கிளம்பறாங்க. ஒன்பது நாளா காத்து வடக்கையே பாத்துக்கிட்டிருக்கு, பிடிவாதம் பிடிச்ச கழுதை. இன்னைக்கும் திரும்பலன்னா அடுத்த வருஷம்தான்."

"மேகம்?"

"கம்பளி மாதிரி மூடியிருக்கு. வெளிய போய்ப் பாத்தா என் மூக்கே எனக்குத் தெரியல."

ஐவிந்த் சமையலறைக்குப் போய்விட்டான். ராக்கெட் நாள் என்றால் அங்கே வாஃபிள் என்கிற கட்டம்போட்ட இனிப்பு அடை சுடுவது வழக்கம். இரண்டு வருடமாக அது அவன் வேலை. தன் கருவி போன அந்த நாளுக்குப் பிறகு அவன் கட்டுப்பாட்டு அறைக்குள் அதிகம் வருவதில்லை. வாசலில் நின்று தட்டை நீட்டிவிட்டுப் போய்விடுவான். வறுபடுகிற வெண்ணெய் வாசம் அறை முழுக்கப் பரவியது.

ஒன்பதே முக்காலுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் யோருன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"திரும்பிடுச்சு! சுன்னிவா, பாரு, தெற்கே!"

திரையில் ஒன்பது நாளாக மேலேயே கிடந்த கோடு செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது. சுன்னிவா திரையை நோக்கிக் குனிந்தாள். தெற்கே, அதுவும் பலமாக. இந்த நொடியில் தலைக்கு மேலே வேலி அரிபட்டு நகர்ந்துகொண்டிருக்கும். புனல் கடலைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்.

யோருன் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள். "ஸ்டைனார், கேக்குதா? தலைகீழ் எண்ணிக்கை எங்க நிக்குது?"

தளத்தில் ராக்கெட்டை ஏவுகிற ஸ்டைனாரின் கரகர குரல் வந்தது. "பத்து நிமிஷத்துல நிறுத்தி வச்சிருக்கோம். விடுன்னா பத்து நிமிஷத்துல போயிடும்."

"அப்படியே இருக்கட்டும். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. எல்லாரும் ஆளுக்கொரு காப்பி குடிங்க."

சுன்னிவா சட்டென்று நிமிர்ந்தாள். அம்பதா? இவளுக்கு யார் சொன்னது அம்பது?

அந்த நேரம் பார்த்து ஐவிந்த் தட்டோடு உள்ளே வந்தான். வாசலில் நிற்காமல் இன்று மேசை வரை வந்துவிட்டான். யோருன் துள்ளிய சத்தம் அவனையும் இழுத்திருக்க வேண்டும். எவ்வளவு ஒதுங்கினாலும் அவன் அந்தத் தொழில் தெரிந்தவன்தானே.

"அம்பது நிமிஷமா? அப்போ சூடா சாப்பிடலாம்," என்றான். இதய வடிவ வாஃபிள்கள் மேல் பழுப்பு சீஸ் உருகிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கோங்க. என் கையில ஒழுங்கா வேலை செய்யற ஒரே மெஷின் அந்த வாஃபிள் கல்லுதான்."

யோருன் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். சுன்னிவாவும் ஒன்றை எடுத்தாள். ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி ஒன்பது நாற்பத்துமூன்று. இந்தத் தெற்குச் சாய்வு எத்தனை நேரம் நீடிக்கும்? அரைமணி இருந்தால் அதிகம். அம்பது நிமிடம் காத்திருந்தால் இவளுடைய ராக்கெட்டும் வெறும் வானத்தைத்தான் குத்தும். இன்னொரு அறிக்கை எழுதுவார்கள். இன்னொரு கருவி செத்துப்போகும். சொல், சொல் என்று ஒரு குரல் அவளுக்குள் அடித்துக்கொண்டது. அவன் போகட்டும், போனதும் சொல்கிறேன் என்றது இன்னொன்று. ஐவிந்த் போகிற வழியாய்த் தெரியவில்லை. சுவரோரம் சாய்ந்து, காலுறை ஓட்டை வழியே எட்டிப்பார்த்த கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு, திரையையே பார்த்து நின்றான்.

"ஐவிந்த், காப்பி இருக்கா?" என்றாள்.

"உன் பக்கத்துலதான் இருக்கு, பிளாஸ்க் நிறைய."

இருந்தது. அவள் பார்க்கவில்லை.

"யோருன்," என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்து. "இப்பவே விட்டா என்ன?"

"இப்பவேவா? எதுக்கு?"

"சும்மா... ஒரு உள்ளுணர்வுதான்."

யோருன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "உள்ளுணர்வா? நீயா பேசற? 'அறிவு சொல்றதைக் கேளு, வயிறு சொல்றதைக் கேக்காத'ன்னு எனக்கு வகுப்பெடுத்தவளே நீதானே?" தன் கோப்பைத் திறந்து, ஓரம் மடிந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இதோ, நீயே எழுதினது. நாலாவது வரி. 'திரையில் மாற்றம் தெரிந்ததும் பயண நேரத்தைக் கூட்டு.' கூட்டியாச்சு. பத்து முப்பத்தொண்ணு."

பழைய தாள். கம்ப்யூட்டரில் திருத்தினாள், சுவரிலிருந்து கிழித்தாள். இவள் படிக்க வந்த வருடம் ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பாள் என்று யார் கண்டது? எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது. திருடியைப் போலத் திருத்தியதால் வந்தது.

மணி ஒன்பது நாற்பத்தேழு. மூலையில் இருந்த, வேலி அசைந்தால் ஆடுகிற தரைக் காந்தமானியின் முள் துள்ளி நடுங்கத் தொடங்கியது. அதை முதலில் பார்த்தவன் ஐவிந்த்.

"இங்க பாரு, முள்ளு இப்பவே ஆடுது," என்றான். "அன்னைக்கும் இப்படித்தான் முன்னாடியே ஆடுச்சு. நான்கூட சொன்னேன்."

சொன்னான். 'அது வேற ஏதோ சின்ன விஷயம்' என்று அவள்தான் ஒதுக்கினாள். சுன்னிவா வாஃபிளை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் சீஸ் யோருனின் தாள்மேல் வழுக்கி விழுந்தது.

"கூட்டாத," என்றாள். "அந்தத் திரையில ஏற்கெனவே கூட்டியிருக்கு. அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கு, பாரு. அது வர்ற காத்து இல்ல, வந்துட்ட காத்து. புனல் இப்ப தலைக்கு மேல இருக்கு, யோருன். இப்பவே விடு."

யோருன் குனிந்து அடிவரியைப் படித்தாள். இரண்டு நொடி ஆனது அவளுக்கு. "ஐயோ, கடவுளே," என்றவள் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். "ஸ்டைனார்! காப்பியக் கீழ வை! எண்ணிக்கையை ஆரம்பி, இப்பவே!"

"இப்பத்தானே அம்பதுன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்! ஆரம்பி!"

எண்ணிக்கை தொடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் கட்டைவிரல் ஆடுவது நின்றுவிட்டது என்று திரும்பிப் பார்க்காமலே சுன்னிவாவுக்குத் தெரிந்தது. அவனுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கில் ஏழு வருடம் வாழ்ந்தவன்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ராக்கெட் கிளம்பியது. நான்காவது நிமிடத்தில் யோருனின் திரையில் எண்கள் பொங்கிக்கொண்டு வந்தன. நூறு, ஆயிரம், பல்லாயிரம். புனலின் நட்டநடு. ஒலிபெருக்கியில் ஸ்டைனாரின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். யோருன் அழுதுகொண்டே சிரித்தாள், சுன்னிவாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் மெல்லக் கையை எடுத்தாள்.

"சுன்னிவா... மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இதே திரைதானே?"

"ஆமா."

யோருன் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். ஐவிந்த் அங்கே இல்லை.

சமையலறையில் வாஃபிள் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுன்னிவா வாசலில் நின்றாள். பதினான்கு மாதம் ஒத்திகை பார்த்ததை அவள் சொல்லத் தொடங்குமுன் அவன் பேசிவிட்டான்.

"அப்போ என் கருவி சாகல."

"சாகல."

"அங்க ஒண்ணுமே இல்ல. அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சு."

"ஆமா, ஐவிந்த்."

அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அவள் எதிர்பார்த்தது கோபத்தை; இதைத் தாங்க அவள் தயாராக வரவில்லை. காணாமல் போன பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று கேட்டவன் மாதிரி இருந்தான்.

"பதினோரு நிமிஷமும் சரியா வேலை செஞ்சிருக்கு. ஒரு தப்பு எண்ணிக்கைகூடக் காட்டாம, சுத்தமா பூஜ்ஜியம். எவ்வளவு நல்ல கருவி அது, தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதோட ஜோடிய நான் அறுத்துப் போட்டுட்டேனே. ஒண்ணும் ஆகாத பொருளை."

"என்னை மன்னிச்சுடு. அடிவரியை நான் பாக்கல."

"அட, அடிவரிய யார் பாக்கறா? நானா இருந்தாலும் கூட்டித்தான் இருப்பேன்." உண்மையாகவே சொன்னான். சுரண்டியைக் கழுவினான், கையைத் துடைத்தான். பிறகுதான் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது, அதுவும் நிஜம்.

"போன வருஷம் அக்டோபர்ல," என்றாள்.

ஐவிந்த் விரல்களை மடக்கி எண்ணவில்லை. அவன் எண்ணியது அவன் முகத்திலேயே தெரிந்தது. துண்டை மடித்து மாட்டினான். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்கறேன். எஞ்சின் சூடாக நேரமாகும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோருன் இன்னும் இரண்டு மணிநேரம் இருப்பதாகச் சொன்னாள். அவளை அழைக்க ஐவிந்த் திரும்ப வருவான். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, தன்னை விட்டுவிட்டு அவன் போய்விட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று சுன்னிவாவுக்குத் தோன்றியது. போகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி காத்திருந்தது. துப்பாக்கி அதன் இடத்தில் தொங்கியது. எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த மலையில் ஒரு மனுஷியை விட்டுவிட்டுப் போக அவனால் ஆகாது.

கதவைத் திறந்தாள். அவள் உட்காருகிற இருக்கையில் சீல்தோல் கையுறை கிடந்தது. அதன்மேல் கம்பளித் தொப்பி. அவன் வெறுங்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அவள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாதி மலை இறங்கியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"இதெல்லாம் எதுக்குன்னு இப்பத்தான் புரியுது," என்றான், ரோட்டைப் பார்த்தபடி. "நான் என்னவோ உனக்கு என்மேல பிரியம்னு நெனச்சுட்டேன்."

"பிரியம் இல்லாம இல்ல—"

"இரு. நான் பேசிக்கறேன்." வளைவில் வண்டியை நிதானமாகத் திருப்பினான். "பிப்ரவரியில தெற்கே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கருவி செய்யற வேலை. கடிதத்தை உன்கிட்டதான் காட்டினேன். ராக்கெட் விஷயத்தை எழுதணுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

"நேர்மையா எழுதுன்னு சொன்னேன்."

"சொன்னே. நானும் எழுதினேன். 'கருவி பழுதானதற்குப் பொறுப்பு என்னுடையது.' நீ பேனாவை எடுத்து நடுவுல ஒரு வார்த்தை சேர்த்தே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பத்து மாதமாகத் தூக்கத்தில்கூட அவளை விடாத வார்த்தை அது.

"'முழு'ன்னு சேர்த்தேன். 'முழுப் பொறுப்பு என்னுடையது.'"

"'அப்படி எழுதினா மரியாதையா இருக்கும்'னே. நான் உனக்கு நன்றி சொன்னேன், சுன்னிவா. அன்னைக்கு ராத்திரி எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன், இவ மாதிரி ஒரு சிநேகிதி கிடைக்கறது கஷ்டம்னு." குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டான். "ஏன் சேர்த்தே? அதை மட்டும் சொல்லு."

பொய் சொல்ல அவளிடம் இனி ஒன்றுமில்லை. "நீயே முழுசா ஏத்துக்கிட்டா, அந்த நாள் கணக்கை யாரும் மறுபடி தோண்டிப் பாக்க மாட்டாங்கன்னு."

அவன் தலையாட்டினான். வண்டியின் முன்பலகையில் ஏதோ மானி சரியான எண்ணைக் காட்டிவிட்டதைப் போல, அவ்வளவுதான்.

அவள் வீட்டு முன் வண்டி நின்றது. மணி பதினொன்றரை. வானத்தில் ஒரு வெளுப்பும் இல்லை.

"இன்னைக்கே எழுதறேன்," என்றாள். "குழுவுக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அறிக்கையில கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும். என் பதவி போனாலும் பரவால்ல."

"எழுது," என்றான். "அந்த வார்த்தையை விட்டுடாத."

இறங்கினாள். அவன் கைவிரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. "இதையாவது போட்டுக்கோ, ஐவிந்த். மைனஸ் இருபதுல வெறுங்கையோட..."

கையுறையை நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஏழரைக்கு வருவேன். தயாரா இரு."

வண்டி திரும்பித் தெருவில் இறங்கிப் போனது. திட்டியிருந்தால் தேவலை, பனியில் இறக்கிவிட்டு நடக்க வைத்திருந்தால்கூடத் தேவலை. மடக்கிப் பிடித்த கையுறையோடு சுன்னிவா நின்றுகொண்டே இருந்தாள். நாளை ஏழரைக்கு அவன் வருவான். ஹாரன் அடிப்பான், அவள் ஏறுவாள். சூரியனுக்கு லீவு என்று மட்டும் சொல்ல மாட்டான்.